மத்தியஸ்தர் மேல் கை வைப்பது

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் ஈடுபட்டு, மாலை வேளைகளில் ஹாக்கி மட்டை பிடிக்கும் அன்பர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "ஓர் ஆட்டக்காரன் இன்னோர் ஆட்டக்காரனை இடித்துத் தள்ளினால், பச்சை அட்டையோ மஞ்சள் அட்டையோ காட்டிச் சில நிமிஷம் வெளியே உட்கார வைப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அதே கை மத்தியஸ்தர் மேல் பட்டால் மட்டும் விசாரணை, விலக்கு, மாதக்கணக்கில் தண்டனை என்று கிளம்பிவிடுகிறார்களே, அது ஏன்? மத்தியஸ்தரின் உடம்பு என்ன பொன்னாலானதா?" என்பதே அக்கேள்வி. கேள்வியில் கேலி கொஞ்சம் கலந்திருந்தபோதிலும், அதைத் தட்டிக் கழிப்பதற்கில்லை. கடலூர் ஜில்லாவிலும் சரி, வேறெங்கும் சரி, பந்தயம் நடக்குமிடமெல்லாம் நாள் தவறாமல் எழும் வழக்கு இது.

மத்தியஸ்தர்களில் தவறாதவர் எவருமில்லை. பந்து காலில் பட்டதா, மட்டையில் பட்டதா என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டியவர் சில சமயம் தவறாகவே தீர்மானிப்பார். அத்தவற்றினால் கோப்பையை இழந்தவனுக்கு வயிறு எரியாமலிராது. வயிறு எரிவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கை நீளும்பொழுது விஷயம் வேறாகிவிடுகிறது.

எதிராளியை இடித்தவன் ஆட்டத்துக்குள் நின்றுகொண்டு ஒரு விதியை மீறுகிறான். அதைக் கண்டு சொல்வதற்கும் கணக்குத் தீர்ப்பதற்கும் மத்தியஸ்தர் இருக்கிறார். மத்தியஸ்தரையே இடித்தவனோ, விதியைப் பார்த்துச் சொல்லும் கண்ணையே மூடப் பார்க்கிறான். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் நடப்பது ஹாக்கியன்று, இருபத்திரண்டு பேர் கையில் கழியுடன் நிற்கும் ஒரு கூட்டம். இந்த வித்தியாசத்தைக் கிரிக்கெட் சட்டத்தை எழுதியவர்கள் வெகு தெளிவாகவே உணர்ந்திருக்கிறார்கள். 2017-இல் அமலுக்கு வந்த சட்டத் தொகுப்பின் 42-ஆவது விதி ஆட்டக்காரர் நடத்தையை நான்கு படிகளாக வகுக்கிறது. வேண்டுமென்றே இன்னோர் ஆட்டக்காரர் மேல் முறையற்று உடல் படும்படி நடந்துகொள்வது இரண்டாம் படி. அதே காரியத்தை மத்தியஸ்தரிடம் செய்தால் அது நேரே நான்காம் படி. ஆட்டம் முடியும்வரை அவருக்கு மைதானத்தில் இடமில்லை. எதிர்க் கட்சிக்கு ஐந்து ஓட்டங்களும் தண்டமாகப் போய்ச் சேரும். கையின் பலம் ஒன்றுதான், பட்ட இடம் வேறு.

விருத்தாசலத்தாருக்கு இதை விளங்கச் சொல்ல வேறொரு வழியும் உண்டு. பீங்கான் சுடும் சூளைக்குள் சிறிய மண் கூம்பு ஒன்றை வைப்பார்கள். குறித்த உஷ்ணம் ஏறியதும் அது தலை சாயும். உள்ளே 1,200 டிகிரிக்கு மேல் தகிக்கும் நெருப்பில் எந்தக் கை போய்த் தொட்டுப் பார்க்க முடியும்? சாய்ந்த கூம்பைப் பார்த்துத்தான் சூட்டை நிறுத்துவது. ஒரு சூட்டில் பாதிக் கோப்பைகள் வெடித்து வந்ததென்று கோபங்கொண்டு எவனாவது கூம்பை நசுக்கிப் போட்டால், அடுத்த சூட்டில் மீதிப் பாதியும் போகும் என்பது அத்தொழிலில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். கூம்பு சரியில்லையென்றால் வேறு கூம்பு வாங்கலாம், அல்லது வாங்கின கடைக்காரனிடம் முறையிடலாம். அதற்கெல்லாம் தடையில்லை.

ஆகவே, மத்தியஸ்தரைத் தொடுவது தனி ஜாதிக் குற்றமே என்பது நமது துணிபு. ஆனால் இவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து போய்விடவும் நமக்கு மனமில்லை. தண்டிப்பது யார், எந்த அளவில், எந்த விதியின்படி என்னும் கேள்விகள் பின்னாலேயே வருகின்றன. இவற்றை உலகத்தில் மற்ற எவரையும்விட அதிகமாக அடிபட்டுக் கற்றுக்கொண்டவர்கள், கானடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையின்மேல் ஹாக்கி ஆடுபவர்கள். அது நமது ஹாக்கியன்று. காலில் சறுக்குக் கத்தி கட்டிக்கொண்டு ரப்பர் வட்டைத் துரத்தும் ஆட்டம். மோதலும் கைகலப்பும் அதில் மாமூல். அப்படிப்பட்ட ஆட்டத்திலேயே மத்தியஸ்தர் மேல் கை வைப்பதற்கென்று தனி விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அங்குள்ள தேசிய ஹாக்கி லீகின் 40-ஆவது விதி இது. காயப்படுத்தும் எண்ணத்துடன் மத்தியஸ்தர் மேல் பலாத்காரம் செய்தால் 20 ஆட்டங்களுக்குக் குறையாத விலக்கு. எண்ணமில்லாமல், ஆனால் வேண்டுமென்றே பலத்தைப் பிரயோகித்தால் 10. சண்டையினின்று விலக்கிப் பிடித்த மத்தியஸ்தரிடமிருந்து திமிறிக்கொள்வதற்காக மட்டும் தள்ளினால் 3. இந்த ஏணியில் ஒரு நேர்மை இருக்கிறது. எல்லாத் தொடுதலும் ஒன்றல்ல என்று அது ஒப்புக்கொள்கிறது. ஒரு தொடுதலும் சும்மா போகாது என்றும் சொல்கிறது.

ஏணி எழுதிவிட்டால் போதுமா? 2016-ஆம் வருஷம் ஜனவரி 27-ஆம் தேதி கால்கரி நகரில் நடந்ததைப் பாருங்கள். கால்கரி கட்சியின் டென்னிஸ் வைட்மன் என்னும் ஆட்டக்காரர் எதிராளியால் சுவரோரம் பலமாக மோதப்பட்டுத் தலை கலங்கி எழுந்தார். தமது கட்சியினர் உட்காரும் பெஞ்சை நோக்கிச் சறுக்கி வருகையில், தமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற டான் ஹெண்டர்சன் என்னும் லைன்ஸ்மனை இரு கையிலும் பிடித்த மட்டையால் பின்னாலிருந்து தள்ளி விழத்தாட்டினார். வேண்டுமென்றே செய்தாரா, மூளை அதிர்ச்சியில் தெரியாமல் செய்தாரா? தமக்குப் பிரக்ஞை சரியில்லை என்றார் அவர். லீக் நம்பவில்லை. ஏணியின் உச்சிப்படியான 20 ஆட்டங்கள் விலக்கு விதித்தது. சம்பளத்தில் ஏறக்குறைய 5,64,000 டாலர் போயிற்று. லீகின் தலைவர் காரி பெட்மனிடம் அப்பீல் செய்தார். அவர் தண்டனையை ஊர்ஜிதம் செய்தார். அதற்குமேல் சுயேச்சையான பஞ்சாயத்தார் ஒருவரிடம் போகலாம் என்று ஆட்டக்காரர் சங்கத்துக்கும் லீகுக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஜேம்ஸ் ஓல்டாம் என்ற அப்பஞ்சாயத்தார் சாட்சியங்களைக் கேட்டு, காயப்படுத்தும் எண்ணம் ருசுவாகவில்லை என்று முடிவு செய்து, தண்டனையை 10 ஆட்டங்களாகக் குறைத்தார். அத்தீர்ப்பு வந்தபொழுது வைட்மன் 19 ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தாகிவிட்டது!

வேடிக்கை இத்துடன் நிற்கவில்லை. தனக்குப் பிடிக்காத தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்தாரை லீக் வேலையினின்று நீக்கியது; தீர்ப்பை ரத்துச் செய்யுமாறு நீதிமன்றத்துக்கும் போயிற்று. நீதிமன்றம் லீகின் வாதத்தை ஏற்கவில்லை. நேயர்கள் யோசித்துப் பார்க்கட்டும். மத்தியஸ்தர் சொன்னது பிடிக்கவில்லையென்று அவரைத் தள்ளிய ஆட்டக்காரனைத் தண்டிக்கப் புறப்பட்ட ஸ்தாபனம், தன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன மத்தியஸ்தரை என்ன செய்தது? மட்டையால் தள்ளவில்லை, கடிதத்தால் தள்ளிற்று. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல மாட்டோம். கடிதத்தினால் கழுத்தில் அடிபடுவதில்லை; ஹெண்டர்சனுக்கோ கழுத்தில் ரண சிகிச்சை நடந்தது, அவர் திரும்பிப் பனித்தரைக்கு வரவேயில்லை. இந்தக் கதையில் வைட்மனுக்காகவும் லீகுக்காகவும் வாதாட வக்கீல்கள் கூடினார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்து நின்ற மனிதர்தான் எல்லாருக்கும் கடைசியில் நினைவுக்கு வந்தார்.

அறுபது வருஷம் முந்திய இன்னொரு சம்பவமும் நம்மவர் அறிய வேண்டியது. மான்ட்ரியல் நகரத்துப் பிரெஞ்சு மொழி பேசும் ஜனங்களுக்கு மோரீஸ் ரிஷார் என்ற ஆட்டக்காரர் கண்ணின் மணி. 1955 மார்ச் 13-ஆம் தேதி பாஸ்டனில், எதிராளியின் மட்டை தலையில் பட்டு ரத்தம் ஒழுக, அவர் அடித்தவன்மேல் பாய்ந்தார். தடுத்துப் பிடித்த லைன்ஸ்மன் கிளிஃப் தாம்ஸனை இருமுறை முகத்தில் குத்தினார். எதிராளிகளில் ஒருவனென்று நினைத்துவிட்டேன் என்றார் பிறகு. லீகின் அக்கிராசனர் கிளாரன்ஸ் காம்ப்பெல் தாமே விசாரித்து, தாமே தீர்ப்பளித்தார்: அந்த வருஷத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களுக்கும் கோப்பைப் போட்டிகளுக்கும் ரிஷாருக்கு இடமில்லை. மார்ச் 17-இல் காம்ப்பெல் மான்ட்ரியல் ஆட்டத்தைப் பார்க்க நேரில் வந்து உட்கார்ந்தார். தக்காளியும் முட்டையும் பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் நின்று, கூட்டம் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தது. ஆங்கிலம் பேசும் அதிகாரி ஒருவர் தங்கள் ஜாதி முழுவதையும் அவமதித்துவிட்டார் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள்.

பரதேச அதிகாரத்தின் கீழிருந்து பழகிய நமக்கு அந்த ரோஷம் புரியாததன்று. எனினும் ரிஷார் மறுநாள் செய்த காரியத்தைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். அவர் ரேடியோவில் பேசினார். கலகம் வேண்டாமென்றும், தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த வருஷம் வந்து கோப்பையை ஜயிக்க உதவுவதாகவும் சொன்னார். நகரம் அடங்கிற்று. அந்த வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டம் ஒரே புள்ளியில் அவரைவிட்டுப் போயிற்று; அதன் பிறகு அது அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் 1956 முதல் 1960 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து மான்ட்ரியல் கோப்பையை எடுத்தது. தண்டனை கடுமையாயிருந்தது கலகத்துக்குக் காரணமென்று நாம் எண்ணவில்லை. பிராது வாங்குகிறவர், விசாரிக்கிறவர், தீர்ப்பளிக்கிறவர் மூவரும் ஒருவராயிருந்ததே நெருப்புக்கு நெய்யாயிற்று.

இனி நமது ஹாக்கிக்கு வருவோம். 1972 செப்டம்பர் 10-ஆம் தேதி மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் கட்சி மேற்கு ஜெர்மனியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. தீர்ப்புகள் தங்களுக்கு விரோதமாகப் போயின என்ற ஆத்திரத்தில் அக்கட்சியைச் சேர்ந்தவர்கள் அதிகாரிகளின் மேஜையை முற்றுகையிட்டார்கள். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர் ரெனே ஃபிராங்க் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. பதக்கம் வாங்கும் மேடையிலும் மரியாதை காட்டவில்லை. பதினொரு பேருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. பாகிஸ்தான் மன்னிப்புக் கோரிய பின் அது குறைக்கப்பட்டது. தண்ணீர் உடம்பில் காயம் செய்யாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காயத்தை அளந்து தண்டிக்கும் குற்றமாக இது இருந்தால் அந்த வாதம் செல்லும். ஆயினும் ஆயுட்காலம் என்று கோபத்தில் விதித்துப் பிறகு இறங்கி வருவதைவிட, நிறைவேற்றக்கூடிய தண்டனையை முதலிலேயே விதித்து அதில் நிற்பதே ஸ்தாபனத்துக்கு அழகு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மத்தியஸ்தரை முகத்தில் உதைத்த க்யூபா தேசத்து டைக்வாண்டோ வீரர் ஆங்கெல் மாட்டோஸுக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்கள். அது வேறு. அங்கே உதைத்தது பயிற்சி பெற்ற கால். தெரியாமல் பட்டது என்று சொல்ல இடமேயில்லை.

பாகிஸ்தானைப் பற்றி எழுதும்போது நம்மவர் முகத்தில் ஒரு திருப்திப் புன்னகை தோன்றுமென்பது நமக்குத் தெரியும். அது தோன்றாதிருக்க டில்லியை நினைவூட்டுகிறோம். 2019 நவம்பரில் டில்லியில் நேரு கோப்பை இறுதி ஆட்டம். பஞ்சாப் போலீஸும் பஞ்சாப் நேஷனல் பாங்கும் மூன்றுக்கு மூன்று என்று சமமாக நின்ற வேளையில், இரு கட்சியாரும் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஒரு கட்சி சட்டத்தைக் காக்கும் உத்தியோகஸ்தர்களுடையது என்பதை நாம் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்சிக்கு மூவராகச் சிவப்பு அட்டை காட்டப்பட்டு, எட்டெட்டுப் பேரோடு ஆட்டம் முடிந்தது. பாங்க் கட்சி 6-3 என்று ஜயித்தது. அடுத்த மாதமே ஹாக்கி இந்தியாவின் ஒழுங்குக் கமிஷன் 11 ஆட்டக்காரர்களை 6 மாதம் முதல் 18 மாதம் வரை விலக்கி வைத்தது. இரு கட்சி நிர்வாகிகளும் தப்பவில்லை. ஆட்டக்காரர் ஆட்டக்காரரோடு மோதியதற்கே 18 மாதம் வரை போக நமது ஸ்தாபனத்துக்குத் துணிவிருந்தது. அந்த மட்டை மத்தியஸ்தர் பக்கம் திரும்பியிருந்தால் அளவு என்ன, யார் முன்னிலையில் அப்பீல் என்பதை ஒவ்வொரு ஜில்லா ஆட்டக்காரனும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

நமக்குச் சாதகமாக ஊதப்பட்ட விஸிலையும் மறக்கலாகாது. 1975 மார்ச் 15-ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று ஜயித்து உலகக் கோப்பையை எடுத்தது. தியான் சந்தின் புதல்வர் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது. உள்ளே போகவேயில்லை என்று பாகிஸ்தானியர் ஆட்சேபித்தார்கள். மலேசிய மத்தியஸ்தர் விஜயநாதன் கோல்தான் என்று ஊதினார், அதில் நின்றார். இன்றுவரை ஆடவர் உலகக் கோப்பையில் நமக்கிருக்கும் ஒரே வெற்றி அந்த ஒரு மனிதரின் கண்ணையும், அவர் அசையாமல் நின்றதையும் சார்ந்தது. அன்று அவரைச் சூழ்ந்து நெட்டித் தள்ளித் தீர்ப்பை மாற்றியிருந்தால் நாம் என்ன பேசியிருப்போம்? அந்தப் பேச்சை நம்மவர் கை நீளும்போதும் பேச வேண்டும்.

இக்காலத்தில் பெரிய பந்தயங்களில் சினிமாப் படம்போல ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்த வழி ஏற்பட்டிருக்கிறது. 2023-இல் சென்னையில் ஆசியச் சாம்பியன் கோப்பை நடந்தபொழுது ஆட்டக்காரர்கள் கையால் பெட்டி வரைந்து காட்டி மறுபரிசீலனை கேட்டதை நம்மவர் கண்டார்கள். முறையிட வழி இருக்கும் இடத்தில் முஷ்டிக்கு வேலை குறைகிறது. விருத்தாசலத்து மைதானத்தில் அந்தப் பெட்டிக்கு என்ன பலன்? படம் பிடிக்கும் கருவி இல்லை, மேல் மத்தியஸ்தர் இல்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி ஆசிரியரோ, ஆடி ஓய்ந்த பழைய ஆட்டக்காரரோ, வெயிலில் விஸிலோடு நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது ஒரு கோப்பைத் தேநீர், போகவரப் பஸ் சத்தம். தோற்ற கட்சியின் ஊரார் எல்லைக் கோட்டுக்கு இரண்டு முழத்தில் நிற்கிறார்கள். பெரிய லீகில் லைன்ஸ்மனைத் தள்ளினால் ஆயிரம் காமிராக்கள் சாட்சி. இங்கே தள்ளினால், "கூட்டத்தில் கை பட்டுவிட்டது, விடுங்கள் ஸார்" என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் விஸிலை வீட்டிலேயே வைத்துவிடுகிறார். அவருக்குப் பதிலாள் தேடி அலைந்தவர்களுக்கே இதன் நஷ்டம் தெரியும்.

ஆகையால் உள்ளூர்ச் சங்கத்தார் பெரிய இடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தாங்களே ஒரு விதி எழுதிக்கொள்ளலாம். திமிறிக்கொள்ளும்போது கை பட்டதற்கு ஓர் அளவு. பிடித்துத் தள்ளியதற்கு ஓர் அளவு. அடித்ததற்கு அந்த வருஷம் முழுவதும் எந்தக் கட்சியிலும் இடமில்லை. விசாரிப்பதற்கு மூவர், அவர்களில் இரு கட்சியையும் பந்தயம் நடத்துகிறவர்களையும் சேராத ஒருவராவது இருக்கட்டும். பக்கத்து ஊரிலிருந்து, நெய்வேலியிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ, ஒருவரை அழைத்தால் வந்து உட்காரமாட்டாரா? மத்தியஸ்தர் எழுத்தில் தமது வாக்குமூலம் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனையும் கேட்க வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறினவனா, வெறியில் பாய்ந்தவனா என்பதை அறியாமல் ஒரே தராசில் நிறுக்கலாகாது. அப்பீலுக்கு ஏழு நாள் போதும். கால்கரியில் நடந்ததுபோலத் தண்டனை ஓடி முடிந்தபின் தீர்ப்பு வந்து யாருக்கு லாபம்?

இன்னொன்று. ஹாக்கி விதிப் புத்தகம் தன் கட்சியார் நடத்தைக்குக் காப்டனே பொறுப்பாளி என்கிறது. நம்மூர்களில் காப்டன்தான் முதலில் மத்தியஸ்தரை நோக்கி ஓடுகிறார்! கை ஓங்கினவனைத் தடுக்காமல் நின்ற காப்டனுக்கும் ஓர் ஆட்டம் விலக்கு என்று எழுதிப் பார்க்கட்டும். மத்தியஸ்தரின் பிழைகளைப் பற்றிப் புகார் கொடுக்க ஒரு காகிதமும், அதைப் படித்து, தொடர்ந்து தவறுகிறவரை மாற்ற ஒரு ஏற்பாடும் கூடவே வேண்டும். அது இல்லாமல் கையைக் கட்டு என்று மட்டும் சொன்னால் இளைஞர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிப்பதில் குற்றமுமில்லை.

இவை ஒன்றுக்கும் பணம் வேண்டியதில்லை. அடுத்த பந்தயத்துக்கு நோட்டீஸ் அச்சிடும்போது, பரிசு விவரத்துக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் கீழே, "மத்தியஸ்தர் தீர்ப்பே முடிவானது" என்று வழக்கமாய்ப் போடும் வரிக்குப் பக்கத்தில், நாலு வரிக்கு இடமிருக்கிறது.